தொட்டி நகரவில்லை

இந்த முறை கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெற்குத் தராவாத் தீவில் ஒரு முடிவை வெளியே சொன்னால், அதையும் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடலிடம் மட்டும் சொன்னேன். எங்கள் நிலம் ஒரு நாடா அகலம். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல். அந்தப் பக்கம் போய் ஒரு தடவை சொன்னேன். இந்தப் பக்கம் வந்து ஒரு தடவை சொன்னேன். பெருங்கடல் கேட்டு நுரை கக்கியது. காயல் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் மனைவி தெரேசியாவும் காயல் வகைதான்.

கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது ஒரு குளியல் தொட்டியை. வெள்ளைத் தொட்டி. வார்ப்பிரும்பு. தூக்க நாலு ஆள் வேண்டும், திட்ட இன்னும் இரண்டு ஆள் வேண்டும். தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்த ஆஸ்திரேலியர் வீட்டில் இருந்தது. அவர் இருந்த காலம் முழுக்க அது ஒரு நாளும் நிரம்பவில்லை. அவர் ஊர் திரும்பியபோது நான் போய்ப் பாயில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, புபூசி என்றேன். கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் புபூசி என்று சொல்லி ஒரு சொந்தக்காரர் ஒரு பொருளைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றில்லை. சொன்னவர் அதன் பிறகு தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும். தீவு குறுகலானது. முகம் வைக்க இடம் போதாது.

அதனால் என் சைக்கிள் போயிற்று. குடை போயிற்று. வானொலி போயிற்று. தெரேசியாவின் அண்ணன் தோகவா மச்சான் ஒரு தடவை எங்கள் வீட்டுக் கதவைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்று நன்றாக வருகிறது. கோழியும் வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். இது என்னுடையது என்று காட்ட என்னிடம் என் வழுக்கை மட்டும் மிச்சம். அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.

தொட்டியைச் சுமந்து வந்தவர்கள் மூச்சு வாங்க எங்கே இறக்குவது என்று கேட்டார்கள். தெரேசியா சமையலறைப் பக்கமிருந்து தலையை நீட்டினாள்.

"சுவரோரமா வைங்க. அங்கதான் நிழல்."

வைத்தார்கள். அப்புறம் அவள் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"வாத்தியாரே, இது என்ன?"

"தொட்டி."

"அது கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு?"

"அலை உண்டாக்க."

அவள் வலது பக்கம் பார்த்தாள். பெருங்கடல். இடது பக்கம் பார்த்தாள். காயல். அப்புறம் என்னைப் பார்த்தாள். மூன்றில் நான்தான் ஆழம் குறைவு என்று அவள் பார்வை சொன்னது.

"அந்தப் பக்கம் அலை. இந்தப் பக்கம் அலை. போன பௌர்ணமிக்கு என் அடுப்புக்குள்ளயே அலை. உங்களுக்கு இன்னும் பத்தலையா?"

"அதெல்லாம் பாடத்துக்கு ஆகாது."

"கடலா ஆகாது?"

"கடல்ல எல்லாம் கலந்து கெடக்கு தெரேசியா. காத்து, நீரோட்டம், பாறை, படகு. பாடத்துக்குச் சுத்தமான அலை வேணும். ஒரே அலைநீளம். ஒரே அதிர்வெண்."

"எனக்குச் சுத்தமான தண்ணி வேணும். ஒரே ருசி. உப்பில்லாம." அவள் கிணற்றைக் காட்டினாள். "இந்தத் தண்ணியில டீ போட்டா மீன் குழம்பு மாதிரி இருக்கு. சனிக்கிழமை நம்ம பொண்ணு மரேத்தா கைக்குழந்தையோட வர்றா. பச்சைக் குழந்தைய இதுலயா குளிப்பாட்டுறது? இந்தத் தொட்டி கூரைத் தண்ணிக்கு இருக்கட்டும்."

"பாடம் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"எதிரொளிப்பு ஒரு வாரம். விலகல் ஒரு வாரம். விளிம்பு விளைவு ஒரு வாரம். அப்புறம் குறுக்கீடு. அடுத்த வருஷம் மறுபடி எதிரொளிப்பு."

"அதுக்குள்ள குழந்தை நடந்து வந்து தானே கடல்ல குளிச்சுக்கும்."

"இது பௌதிகம் தெரேசியா. இதுல விட்டுக்கொடுக்க முடியாது."

"சரி," என்றாள்.

அங்கேயே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவள் சண்டை போட்டால் அது அலை. வரும், உடையும், போகும். அவள் சரி என்றால் கடல் உள்வாங்குகிறது என்று அர்த்தம். அப்போது மேட்டுக்கு ஓட வேண்டும். எங்கள் தீவில் மேடு கிடையாது.

எனக்கு ஏன் அந்தத் தொட்டி என்று நீங்களும் கேட்கலாம். சொல்கிறேன்.

நான் கடல் கடந்து சுவா நகரக் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே விளக்கை வைத்து, இரண்டு முனைகளால் அதைத் தொட்டுக் காட்டினார்கள். இரண்டு இடத்திலிருந்து வட்டம் வட்டமாக அலை கிளம்பியது. ஒன்றை ஒன்று ஊடுருவியது. ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில், அதாவது அகட்டில், விழுந்த இடமெல்லாம் தண்ணீர் நின்றது. அசையவே இல்லை. சுற்றிலும் அத்தனை அலைச்சல்; நடுவில் கோடு கோடாக அமைதி. அலையோடு அலை சேர்ந்தால் அமைதி வரும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அதன் பிறகு கல்யாணம் ஆயிற்று. அந்தக் கோட்டை நான் மறுபடி பார்க்கவில்லை.

பள்ளியில் வருடா வருடம் அதைக் கரும்பலகையில் வரைகிறேன். சுண்ணாம்புக் கோடு அசையாமல் நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு அலைகள் சந்தித்தால் என்ன ஆகும் என்று தேர்வில் கேட்டால், "மீன் பிடிக்கப் போகக் கூடாது" என்று எழுதுகிறார்கள். மதிப்பெண் போட முடியவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. இந்த வருடக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குள் ஒரு வகுப்பாவது அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாணவர்களை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். ஒரு கவைக் குச்சியின் இரண்டு நுனியிலும் சோழி கட்டி வைத்திருந்தேன். காயலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டால் போதும்.

திங்கட்கிழமை தெரேசியா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"புதன்கிழமை அண்ணன் வர்றாரு."

"எதுக்கு?"

"தங்கச்சியப் பார்க்க."

"போன தடவை தங்கச்சியப் பார்க்க வந்துதான் கதவு போச்சு."

"கதவு போனதால என்ன கெட்டுப்போச்சு? இப்ப வந்தா தட்ட வேண்டியதில்ல."

"என்ன கேக்கப் போறாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அலை எங்க கிளம்புது, எங்க மோதுதுன்னு நீங்கதானே சொல்லணும், வாத்தியாரே."

எங்கே கிளம்பியது என்று எனக்குத் தெரிந்தது. என் எதிரில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தது. மனைவி கணவனிடம் புபூசி கேட்பதில்லை; ஒரே பாயில் படுப்பவர்களுக்குள் அது கிடையாது. ஆனால் மனைவியின் அண்ணன் கேட்கலாம்.

நான் கலங்கவில்லை. பௌதிகம் படித்தவன். வரும் அலையை நிறுத்த முடியாது. ஆனால் அதே அளவில், எதிர்க் கட்டத்தில், இன்னொரு அலையை அனுப்பினால் முகடும் அகடும் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் நிற்கும் இடம் அமைதியாகிவிடும்.

பேத்தியோவுக்குப் பேருந்து ஏறிப் போனேன். அங்கே துறைமுகத்தில் என் சித்தப்பா மகன் மோட்டே வேலை பார்க்கிறான்.

"மோட்டே, புதன்கிழமை வீட்டுக்கு வந்து என் தொட்டியைப் புபூசி கேளு."

"எனக்கு எதுக்குண்ணே தொட்டி?"

"உனக்கு வேண்டாம். கேக்க மட்டும் செய். தோகவா மச்சான் வாயத் திறக்கறதுக்கு முந்தி கேக்கணும். நான் உடனே குடுத்துருவேன். அப்புறம் அவர் கேட்டா, ஐயோ மச்சான், இப்பத்தான் போச்சேன்னு சொல்லிருவேன்."

"குடுத்தா நான் எடுத்துட்டுப் போகணுமே."

"அது வார்ப்பிரும்பு. உன்னால தூக்க முடியாது. இங்கயே இருக்கட்டும்ணே, நீங்களே வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிரு. இதுக்குப் பேரு குறுக்கீட்டு விளைவு."

மோட்டே கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"அப்ப வர்றேன். அதுக்கு என்ன பேர் சொன்னீங்க?"

புதன்கிழமை இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்க் கட்டத்தில் வர வேண்டிய அலைகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வரக் கூடாது. ஆனாலும் மோட்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். தெம்பு வந்தது.

தெரேசியா புதுப் பாய் விரித்தாள். சூரை மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டிருந்தாள். சுட்ட ஈரப்பலா. சேம்பு. பதநீர்ப் பாகு. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சாப்பிடவில்லை. வாய் நிறைய உணவு இருக்கும்போது யாரும் புபூசி கேட்க முடியாது. அதனால் நான் மட்டும் சாப்பிடாமல் மோட்டேயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியாகிற வழியாக இல்லை.

"மோட்டே, உங்கம்மா எந்தத் தீவு?" என்றாள் தெரேசியா, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்து.

"அபேமாமா, அண்ணி."

"அபேமாமாவுல எந்தப் பக்கம்?"

"வடக்குப் பக்கம். பாட்டன் படகு கட்டுவாரு."

"படகு கட்டுறவரா? ஒத்தைக் கண்ணுக்காரரா?"

"அவரேதான்."

தோகவா மச்சான் ஈரப்பலாவைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவோட அம்மா அவர்கூடப் பொறந்தவங்க."

"அப்ப நீங்க எனக்கு..."

"அண்ணன் முறை," என்றாள் தெரேசியா. எதையும் யோசிக்காதவள் போல மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா தெரியாமலே இருந்திருக்கோம் பாருங்க."

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தோகவா மச்சான் கண்ணைத் துடைத்தார். பெரிய உடம்பு, அழுதாலும் அழகாக இருக்கும். நான் அங்கே ஒரு சொந்தம் பிறப்பதைப் பார்த்தேன். அது எதற்குப் பிறக்கிறது என்று பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. தோகவா மச்சான் கையைக் கழுவிவிட்டு, தொண்டையைச் செருமி, தொட்டிப் பக்கம் திரும்பினார். மோட்டேயின் முதுகைக் கிள்ளினேன்.

"பிரிபோண்ணே," என்றான் அவன் அவசரமாக, "புபூசி. அந்தத் தொட்டி எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ மோட்டே," என்றேன் நான். அவன் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். "உன்னோடது. இப்பவே உன்னோடது. ஐயோ மச்சான், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

தோகவா மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டே ஒன்றும் சொல்லவில்லை. தெரேசியா ஒன்றும் சொல்லவில்லை. கோழிகூடக் கதவில்லாத வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. முகடு அகட்டில் விழுந்துவிட்டது. சுவாவில் பார்த்த கோடு என் வீட்டுப் பாயின் மேல் கிடந்தது.

அலைகள் சந்திப்பதைப் பற்றி இன்னொரு விதியும் உண்டு. நானே வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். சந்தித்த இடத்தில் என்ன நடந்தாலும், அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு அலையும் ஒன்றுமே நடக்காதது போலத் தன் வழியே போகும்.

தோகவா மச்சான் தன் வழியே போனார். உடம்பை மோட்டே பக்கம் திருப்பினார்.

"தம்பி," என்றார், "இன்னைக்குத்தான் உன்னைக் கண்டுபிடிச்சேன். வந்ததும் வராததுமா கேக்குறேன்னு நினைக்காத. புபூசி. அந்தத் தொட்டி."

மோட்டே என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என்னால் செய்ய முடிந்தது தலையை இடமும் வலமும் ஆட்டுவதுதான். அவனும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மேலும் கீழும்.

"எடுத்துக்கங்கண்ணே," என்றான்.

"மோட்டே," என்றேன்.

"நான் என்னண்ணே பண்றது? சொந்தமாயிட்டாரே."

"உன்னை யாருடா சொந்தமாகச் சொன்னா?"

"அண்ணிதான் சொன்னாங்க."

அண்ணி தட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். சட்டையைச் சரிசெய்துகொண்டாள். தன் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். தலையைத் தாழ்த்தினாள்.

"அண்ணே," என்றாள். "புபூசி."

"உனக்கு இல்லாததாம்மா," என்றார் அவர். இருவரும் சேர்ந்து பாடப் பழகிய பாட்டு போல இருந்தது.

நான் வெளியே போய்த் தொட்டியைப் பார்த்தேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. என்னுடையதாக இருந்தது, மோட்டேயுடையதாயிற்று, தோகவா மச்சானுடையதாயிற்று, தெரேசியாவுடையதாயிற்று. ஒரு விரற்கடை நகரவில்லை. மேலே பார்த்தேன். கூரையோரத் தகரக் கால்வாயின் வாய் நேராகத் தொட்டியின் நடுவில் திறந்திருந்தது. சுவரோரமா வைங்க, அங்கதான் நிழல்.

தெரேசியா பின்னால் வந்து நின்றாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? காயல்ல தேங்காயப் போட்டு நீங்கதானே பசங்களுக்குக் காட்டுவீங்க. அலை கரைக்குப் போயிடும், தேங்காய் எழுந்து எழுந்து அதே எடத்துல நிக்கும்னு. அலை எதையும் தூக்கிட்டுப் போறதில்லைன்னு. தொட்டியும் எங்கயும் போகலையே."

"அந்தத் தேங்காய் நான்தான்."

"நான் அப்படிச் சொல்லல." அவள் என் தோளில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தட்டிவிட்டாள். "மழை வர்ற வரைக்கும் உங்க பாடத்துக்கே இருக்கட்டும். நான் என்ன கஞ்சமா?"

கிளம்பும்போது தோகவா மச்சான் என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்றார்.

மழை வருகிற வரைக்கும் என்றாளே, அதில் நான் உயிர் வைத்திருந்தேன். வானம் மாதக் கணக்கில் வறண்டு கிடந்தது. அரசாங்கம் பிரார்த்தனை செய்தது. தேவாலயங்கள் போட்டி போட்டுக்கொண்டு பிரார்த்தனை செய்தன. ஒன்றும் பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் தாண்டினால் போதும். அதுவரை இந்த வானத்தை நம்பலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஊரே வாசலில் நின்று நனைந்துகொண்டிருந்தது. சிரிக்காதவன் தீவில் நான் ஒருவன்தான்.

மதியம் மழை விட்டது. வகுப்பு முழுவதும் வந்துவிட்டது. கையில் சோழி கட்டிய குச்சியோடு நான் தொட்டியருகே நின்றேன். குறுக்கே தெரேசியா நின்றாள்.

"பாக்கட்டும். தொடக் கூடாது. இது குழந்தை குடிக்கிற தண்ணி."

"சோழிதான். கழுவித்தான் கட்டியிருக்கேன்."

"சோழிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரேசியா, ஒரே ஒரு தடவை. வருஷக் கடைசியில நான் வீட்டோட வந்துருவேன்."

"அதையும் நான் பொறுத்துக்கத்தானே போறேன்," என்றாள். குச்சியை என் கையிலிருந்து வாங்கிக் கூரையில் செருகினாள்.

மாணவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று காத்திருந்தார்கள். நானும் தண்ணீரைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். மேலே தகரக் கால்வாயில் துருப்பிடித்து இரண்டு ஓட்டை. மழை விட்டும் கால்வாய் வடியவில்லை. இந்த ஓட்டையில் ஒரு சொட்டு, அந்த ஓட்டையில் ஒரு சொட்டு. முதலில் முன்னும் பின்னுமாக விழுந்தன. மெல்ல மெல்ல நெருங்கி, யார் அடித்த தாளமோ, இரண்டும் ஒன்றாக விழத் தொடங்கின. இரண்டு வட்டம் கிளம்பியது. விரிந்தது. ஒன்றுக்குள் ஒன்று போயிற்று. வெள்ளைத் தொட்டியின் அடியில் வெயில் அதன் நிழலை எழுதிக் காட்டியது. முகடு, அகடு, முகடு. நடுவில், நடுங்கும் தண்ணீரில், நடுங்காத கோடு.

சுவாவில் பார்த்த அதே கோடு. அது இத்தனை வருடமும் என்னைத் தேடிக்கொண்டிருந்தது போல இருந்தது. மாணவர்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அழுகிறாரா என்று பார்த்திருப்பார்கள். தண்ணீரைக் காட்டக் கையைத் தூக்கினேன்.

"பாருங்க," என்றேன். "இதோ, இங்க..."

தாழம்பாய் ஒன்று பறந்து வந்து தொட்டியின் மேல் விழுந்தது. தெரேசியா அதன் நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

"தொறந்து கெடந்தா கொசு முட்டை போடும்," என்றாள். "பசங்களா, வாங்க. ஆளுக்கொரு குவளை நல்ல தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார்கள். மரேத்தா மறுநாள் வந்தாள். குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்தப் பருவத் தேர்விலும் கேள்வியை நான் மாற்றவில்லை. இரண்டு அலைகள் சந்தித்தால் என்ன ஆகும்? விடைத்தாள்களைப் புரட்டினேன். மீன் பிடிப்பதைப் பற்றி இந்தத் தடவை யாரும் எழுதவில்லை. நேரில் பார்த்தவர்கள் அல்லவா. வகுப்பு முழுவதும் ஒரே பதில்.

"சார் வீட்டம்மா வந்து பாய் போட்டு மூடிவிடுவார்."